அனுப்ப மட்டும் அனுமதி

"கையெழுத்துப் போட மாட்டேன். அதைச் சொல்லிட்டுதான் உட்காருவேன்."

சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். லிஃப்டுகளைச் சோதிக்க உரிமம் பெற்றவள்; பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. கட்டடக் காவலாளிகளிலிருந்து முதலாளிகள் வரை எல்லோருக்கும் அவள் லிஃப்டக்கா. எதிரே இருந்தவளை அந்தத் தெருவே அண்ணி என்று கூப்பிடும். கணினி சர்வர்களில் நடக்கும் புரட்டுகளைத் துப்பறிவது அண்ணியின் தொழில். உண்மையில் அப்படிக் கூப்பிடும் உரிமை பக்கத்து மேசைக் கொழுந்தனுக்கு மட்டும்தான் உண்டு. கேள்வி முடியுமுன் பதில் சொல்லிவிடும் ஆள் அவன். பதில் பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும்.

நடந்தது இதுதான். துணிக்கிடங்கு ஒன்றின் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்து, சுமை தூக்குபவர் ஒருவருக்கு இரண்டு காலும் முறிந்துவிட்டன. அந்த லிஃப்டின் இரும்புக் கயிறு இழை இழையாகப் பிரிந்திருப்பதை லிஃப்டக்கா முன்பே படமெடுத்து, உடனே மாற்ற வேண்டும் என்று நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பியிருந்தாள். இப்போது அந்தப் படங்கள் அங்கே இல்லை. கயிறு நன்றாக இருப்பதாகத்தான் அவள் படம் அனுப்பினாள், விபத்துக்குப் பிறகு பயந்துபோய் அவளே சர்வருக்குள் நுழைந்து அவற்றை அழித்துவிட்டாள் என்கிறார் மேலாளர். தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போலீசுக்குப் போக மாட்டார்களாம். போட்டால் உரிமம் பறிபோகும், இனி எந்த லிஃப்டையும் அவள் தொட முடியாது. படமெடுத்த கைபேசியும் நிறுவனத்துடையது. அனுப்பியதும் அதிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி.

பெரிய மனது பண்ணி விட்டுவிடுகிறோம் என்று ஒருவர் தானாக முன்வந்தால், அவர் மடியில் என்ன கனம் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மேலாளர் கொடுத்த சாட்சியத்தை லிஃப்டக்கா மேசைமேல் வைத்தாள். ஒரு கணினித் திரையின் படம். சர்வருக்குக் கட்டளைகளை எழுதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் அவளுடைய கணக்கின் பெயர்; பக்கத்திலேயே கோப்புகளை அழிக்கும் கட்டளை; விபத்துக்கு மறுநாள் தேதி. கொழுந்தன் எட்டிப் பார்த்து, கைரேகை வைத்தமாதிரி இருக்கிறதே என்று வருத்தப்பட்டான்.

அண்ணி அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இந்தக் கறுப்புத் திரையை நீங்க எப்பவாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"லிஃப்டுக்குள்ள கரண்ட் போனா பார்த்திருக்கேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கமாக எப்படிப் படம் அனுப்புவாள் என்று செய்து காட்டச் சொன்னாள். லிஃப்டக்கா அண்ணியின் மடிக்கணினியில் தன் கணக்கைத் திறந்தாள். அவள் கணக்கை யாரும் இன்னும் மூடியிருக்கவில்லை. வந்தது ஒரு சின்ன வெள்ளை ஜன்னல், அதில் 'வரவு' என்று ஒரே ஒரு கோப்புறை. கொழுந்தனுக்குக் கை சும்மா இருக்குமா? வீட்டுப் பூனையின் படத்தை அந்த உறைக்குள் போட்டுப் பார்த்தான், போனது. திரும்ப அழிக்கப் பார்த்தான், அனுமதி இல்லை என்றது. உறையை விட்டு வெளியேறப் பார்த்தான், அதற்கும் வழியில்லை. தபால் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டுவிட்டுக் கையை விட்டுத் துழாவுகிறவன் மாதிரி விழித்தான்.

"இன்னைக்கே போவோம்," என்றாள் அண்ணி.

நிறுவனம் ஐந்தாவது மாடியில் இருந்தது. கொழுந்தன் லிஃப்டின் பொத்தானை அழுத்தினான். அது வரும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்ட லிஃப்டக்கா படிப்பக்கம் திரும்பினாள். மூவரும் படியேறினார்கள். கொழுந்தன் வழி நெடுக முனகிக்கொண்டே வந்தான்.

மேலே முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லி, அவரையும் மேலாளரையும் சர்வர் பொறுப்பாளரையும் ஒரே அறையில் உட்கார வைத்தாள் அண்ணி. சர்வரில் எதையும் செய்யவிடும் முழுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். பொறுப்பாளரிடம் ஒன்று. மேலாளர் அடம்பிடித்து வாங்கிக்கொண்டது ஒன்று. வேறு யாரிடமும் இல்லை. கொழுந்தன் அண்ணியின் காதில், கணினி தெரிந்தவன் பொறுப்பாளர்தான், முகத்தைப் பாருங்கள், ரத்தமே இல்லை என்றான். அது உண்மை. அந்த மனிதர் நிமிரவே இல்லை.

அண்ணி மேலாளரின் கணினியில் அதே கறுப்புத் திரையைத் திறந்தாள். லிஃப்டக்காவைக் கூப்பிட்டு, அவளுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் அவளையே கொடுக்கச் சொன்னாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பு அனுப்ப மட்டுமே அனுமதி என்று ஒரு வரி வந்தது, அத்தோடு தொடர்பு அறுந்தது. இன்னொரு முறை செய்தாள். அதே வரிதான்.

"இந்தப் பூட்டு எப்பப் போட்டது?" என்று பொறுப்பாளரைக் கேட்டாள்.

சர்வர் வாங்கிய அன்றே தான் போட்டது, அதற்குப்பின் தொடவில்லை என்றார் அவர். வெளியிலிருந்து அனுப்புகிறவர்கள் படத்தைப் போடலாம், அவ்வளவுதான்; கட்டளை கொடுக்கவோ, அழிக்கவோ, அடுத்தவர் உறையைப் பார்க்கவோ முடியாது. அப்போதே மேலாளரிடம் விளக்கப் போனாராம். இதெல்லாம் எனக்கெதுக்கு, உன் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டாராம்.

மேலாளர் சாட்சியமாகக் கொடுத்த படத்தை அண்ணி முதலாளி முன்னால் வைத்தாள்.

"இவங்க கணக்குக்குக் கறுப்புத் திரையே கிடையாது. அப்புறம் இந்தப் படம் எங்கிருந்து வந்துச்சு? முழுச் சாவி இருக்கிற ஒருத்தர் உள்ள போய், இவங்க பேரைப் போட்டுக்கிட்டு அழிச்சிருக்கார்."

"அப்ப அவன்தான்," என்றார் மேலாளர், பொறுப்பாளரைக் காட்டி.

"அவர் இல்ல. பூட்டுப் போட்டவருக்கு அந்தக் கதவு திறக்காதுன்னு தெரியும். அவர் பொய்ச் சாட்சி தயார் பண்ணியிருந்தா இப்படி ஒரு படத்தை எடுத்திருக்கவே மாட்டார். தனக்குத் திறக்கிற கதவு எல்லாருக்கும் திறக்கும்னு நினைக்கிறவர்தான் இதை எடுத்திருக்கணும். அது நீங்கதான்."

நுணலும் தன் வாயால் கெடும். மேலாளர் கெட்டது தான் எடுத்த படத்தால்.

பொறுப்பாளர் எழுந்தார். "கயிறு மாத்தறதைத் தள்ளிப் போட்டது அவர்தான். வாயைத் திறந்தா வேலை போயிடும்னு மிரட்டினார். போனாப் போகட்டும். வர்ற படமெல்லாம் தானா இன்னொரு கணினியிலும் பிரதியாகும். அது அவருக்குத் தெரியாது."

சுவரில் படங்கள் வந்தன. பிரிந்த கயிறு, அறுந்த இழைகள், 'உடனே மாற்றவும்' என்ற லிஃப்டக்காவின் குறிப்பு. கடைசியாக ஒரு பூனை.

"அது என்னுது," என்றான் கொழுந்தன்.

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி எழுந்து லிஃப்டக்காவைக் கும்பிட்டார். மேலாளர் மெல்ல, நடந்தது நடந்துவிட்டது, வெளியே விடாமல் நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். லிஃப்டக்கா கைப்பையிலிருந்து அந்த ஒப்புதல் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கையெழுத்து இடம் வெறுமையாக இருந்தது.

"நமக்குள்ளன்னு சொல்றீங்களே, அதுல அந்தச் சுமை தூக்குறவரும் இருக்காரா? இந்தப் படம் அவர் வீட்டுக்கும் போகும், போலீசுக்கும் போகும். தாளை வீணாக்க வேண்டாம், என் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

முதலாளியே போலீசுக்குத் தொலைபேசியில் சொன்னார்.

வெளியே வந்ததும் லிஃப்டக்கா நேரே லிஃப்டிடம் போனாள். கதவைத் திறந்து, விளக்கடித்து மேலே கயிற்றைப் பார்த்தாள்; இங்கேயும் இழை பிரிந்திருந்தது. பிறகு பையிலிருந்து சிவப்பு ஒட்டுத்தாளை எடுத்துக் கதவின் நடுவில் அழுத்தி ஒட்டி, அதில் தன் உரிம எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். 'யாரும் பயன்படுத்தக் கூடாது' என்றது அந்தத் தாள்.

போலீஸ் வந்து அழைத்துப் போனபோது மேலாளர் ஐந்து மாடியும் படியில்தான் இறங்கினார்.