முதுகு நோ

குகநாதன் மூன்று நிமிடமாவது பேசியிருப்பான். அதை டொச் மொழியில் சொல்ல இராஜேந்திரன் அண்ணைக்கு ஐந்தாறு சொற்களே போதுமாக இருந்தன.

தொண்ணூற்றுமூன்று மாசி மாதம், சுவிஸின் கூர் நகரில் ஒரு டொக்டரின் சின்ன அறை. ஹீட்டர் சூட்டில் தன் மேலிலிருந்து கிளம்பிய நாற்றம், வெங்காயமும் புளித்த பியரும் கலந்த அந்தச் சமையல்காரனின் மூச்சு, அவன் வேலை செய்யும் எங்கடின் மலைப்பள்ளத்தாக்கிலிருந்து ரயிலிலும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டு மாதமாக நாளுக்கு மூன்று தரம் குளிக்கிறான். சவர்க்காரம்தான் கரைகிறது. தன் தோலைத் தொடவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஹோட்டலில் வேலையாட்கள் தங்கும் மாடியில் அந்தச் சமையல்காரனால் தனக்கு நடந்ததை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டால் நித்திரை வரும், சோறு இறங்கும் என்று நம்பி வந்திருந்தான். ஆணுக்கென்று ஒரு சொல் அகப்படவில்லை. கடைசியில் பெண்களுக்குச் சொல்லும் சொல்லையே எடுத்தான்.

"அவன் என்னைக் கெடுத்துப் போட்டான், அண்ணை."

கூர்த் தமிழருக்குக் கலியாணம், வதிவிட பேர்மிட் எல்லாவற்றுக்கும் முன்நிற்கும் பெரிய மனிதரான அண்ணை தொண்டையைச் செருமிவிட்டு டொக்டரிடம் பேசினார். அதில் ஒரு சொல் குகநாதனுக்கும் தெரியும், பெரிய பானைகளைத் தூக்கும்போது சமையலறையில் எல்லாரும் சொல்வது. றுக்கன். முதுகு.

"நான் முதுகு நோவெண்டு சொல்லேல்லை, அண்ணை."

"விளங்குது தம்பி." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆம்பிளை கதைக்கிற கதையோ இது? ஊரிலை தெரிஞ்சால் உம்மடை தங்கச்சியை ஆர் கட்டுவினம்? பாரம் தூக்கினதாலை எண்டு சொல்லிப்போட்டன்."

டொக்டர் நல்லவர்தான். புன்னகையோடு எழும்பி யன்னல் சீலையை இழுத்துவிட்டார். கதவைப் பூட்டினார். கட்டிலில் புதுக் கடதாசி விரித்து ஏதோ சொன்னார்.

அதை மட்டும் அண்ணை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். "சேட்டைக் கழட்டிப்போட்டுக் குப்புறப் படுக்கட்டாம். காற்சட்டையைக் கொஞ்சம் இறக்கட்டாம்."

வேண்டாம் என்றான். சத்தம் வரவில்லை.

"பயப்பிடாதையும். நான் பிடிக்கிறன்."

கடதாசி கன்னத்தில் ஒட்டியது. வியர்வை. வெங்காயம். பிடரியில் சூடான மூச்சு. அண்ணையின் இரண்டு கைகளும் தோள்களில், அன்பாக, அழுத்தமாக.

டொக்டர் கண்ணெதிரே மேசையடியில் நின்று கையுறை போட்டுக்கொண்டிருந்தார்.

தோள்களில் அண்ணையின் கைகள் அப்படியே இருக்க, முதுகில் ஒரு விரல் இறங்கியது. மெதுவாக. இன்னும் கீழே.