கோமகளின் கை

கைநாடிமானி வந்ததிலிருந்து அருங்காட்சியகங்களில் திருப்புளிக்கு ஓய்வில்லை. வண்ணப்பூச்சில் உறைந்துபோன விரல் நடுக்கத்தைப் படித்து, வரைந்த கை யாருடையது என்று அந்தக் கருவி சொல்லிவிடும். தினமும் எங்கோ ஒரு மேதையின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். புத்தகங்களை மட்டும் விடுவானேன், கைப்பிரதியையும் சோதித்த பிறகே அச்சிட வேண்டும் என்று போராடிச் சட்டம் கொண்டுவந்தவள் வரலாற்றாசிரியை மதிவதனி.

இத்தாலியின் ஒரு பழைய அரண்மனையில் இன்று அவளுடைய இருபதாண்டு வாதத்துக்குத் தீர்ப்பு. கோமகள் இசோத்தாவின் உருவப்படத்தை அரசவை ஓவியன் வரையவில்லை, இசோத்தாவே வரைந்தாள் என்று வாதிடுவது மதிவதனியின் நூல். அடுத்த வாரம் வெளியீடு.

அவளுடைய ஆய்வு உதவியாளர் ஜெபசெல்வி கருவியைப் படத்தின் மேல் நகர்த்தினாள்.

"ஓவியன் கை இல்ல மேடம்!" என்று துள்ளியவளின் முகம் மாறியது. "ஆனா கோமகள் கையெழுத்தோடவும் ஒத்துப்போகல. நேத்து இந்த அரண்மனைச் சலவை அறைச் சுவத்துல ஒரு வாத்துப் படத்தைச் சும்மா சோதிச்சேனே, அதோட பொருந்துது. அங்க துணி துவைச்ச பொண்ணு மேடம்! பேருகூடத் தெரியாதவ!"

மதிவதனி அடுத்த வார வெளியீட்டை நினைத்தாள். பெயரே இல்லாதவளை வைத்துக்கொண்டு எந்த மேடையில் ஏறுவது?

"கை யாரோடதா இருந்தா என்ன? யோசனை கோமகளோடது. அவ சொல்லச் சொல்ல இவ வரைஞ்சிருப்பா."

"ஓவியன் பக்கம் பேசுற ஆய்வாளருங்களும், கை கோமகளோடதா இருந்தாலும் யோசனை ஓவியனோடதுன்னுதானே சொன்னாங்க? மூணாவது அத்தியாயத்துல அதைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கே."

"என் புத்தகம் எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். எழுதினது நான்தானே."

ஜெபசெல்வி கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. அவர்கள் துறையில் அதுதான் வழக்கம். உதவியாளர் எழுதுவார், முன்னுரையில் ஒரு வரி நன்றி கிடைக்கும். மதிவதனியின் வழிகாட்டியும் அவளை அப்படித்தான் எழுத வைத்தார். அன்று அவள் அழுதிருக்கிறாள்.

மணிக்கட்டுத் திரையில் பதிப்பகத்தின் செய்தி வந்தது. கைப்பிரதி சோதனை முடிந்தது. நூல் முழுக்க ஒரே கை, அது உங்களுடையதல்ல. அட்டையில் யார் பெயர் போடுவது? உங்கள் சட்டப்படி, நீங்கள் கைப்பட எழுதிய விளக்கம் தேவை.

மதிவதனி இசோத்தாவின் படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பிறகு மின்னேட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

"ஒரு விளக்கம் எழுதும்மா. கை உன்னோடது, யோசனை என்னோடதுன்னு. நான் எழுதற மாதிரியே இருக்கட்டும். கொஞ்சம் உருக்கமா."

விளக்கமும் கைநாடிமானிக்குள் போகும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. மதிவதனி அதைப் படித்ததில்லை. அவளுக்காக அந்தப் பிரிவையும் எழுதிக் கொடுத்தவளுக்குத் தெரியும். ஜெபசெல்வி பேனாவை வாங்கி, ரசித்து ரசித்து எழுதினாள்.