மக்காத தாள்

மண்ணில் புதைத்த தாள் இதற்குள் மக்கியிருக்க வேண்டும். ராஜாமணி தோண்டி எடுத்தபோது அது முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது. கொஞ்சம் பெரிதாகவும்.

சிதம்பரத்தில் பார்த்துவந்த வேதியியல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையோரம் ஒரு பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்திருந்தான் அவன். செலோபேன் தாள் கிடைக்காமல் கருவாட்டு வியாபாரிகள் தவித்துக்கொண்டிருந்த அறுபத்தாறாம் வருடம் அது. இறால் ஓட்டைக் காரத்தில் வேகவைத்து, அமிலத்தில் கரைத்து, மரவள்ளி மாவுக் கஞ்சி சேர்த்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால், உரித்தெடுக்க மெல்லிய தாள் ஒன்று கிடைத்தது. எதையும் சுற்றிக் கட்டலாம். வேலை முடிந்து வீசிவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். அதை நம்பித்தான் வேலையை விட்டிருந்தான். அந்த வாரம் அவனுடைய பழைய பேராசிரியர் தாளைப் பார்க்க வருவதாக இருந்தது.

ஓடு வேகவைக்கும் சவரியம்மாள், துறைமுகத்தில் பல காலம் இறால் உரித்தவள், அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை.

"இதுல இறா வாடையே இல்ல சார். பச்சப்புள்ள தலை வாசன அடிக்குது."

முகர்ந்து பார்த்தான். உண்மைதான். விரலுக்கடியில் இளஞ்சூடும் இருந்தது.

"அமிலம் ஜாஸ்தியாயிருக்கும்" என்றான்.

சாயந்திரம் ஒரு மத்தி மீனை அதில் சுற்றி, நூலால் கட்டி மேசைமேல் வைத்தான். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. பொட்டலம் மட்டும் எடையில்லாமல் தட்டையாகக் கிடந்தது. பிரித்தால் உள்ளே சதையுமில்லை, முள்ளுமில்லை. தாளில் எறும்பு நுழையக்கூட ஓட்டை இல்லை.

சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "எல்லாத்தையும் எரிச்சிடுங்க சார். ஒண்ணு பாக்கி வைக்காதீங்க."

"எரிச்சா நாத்தம் தெரு முழுக்க அடிக்கும். பின்னால குழி தோண்டிப் போட்டு மூடிடுங்க. புதுசா ஊத்திக்கலாம்."

அவள் தாள்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு, மண்வெட்டியோடு கொல்லைப்பக்கம் போனாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமே கிடங்குக்குள் இருள் கட்டி, ஓட்டுக்கூரையில் விழும் சத்தமும் கொப்பரையில் இறால் ஓடு கொதிக்கும் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, அதற்கு நடுவே கொல்லையில் மண்வெட்டி ஈரமண்ணில் இறங்கி இறங்கி எழுவது, யாரோ சேற்றில் நடப்பதுபோல அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது. தட்டில் புதுக்கரைசலை மட்டமாக ஊற்றுவதிலேயே கண்ணாக இருந்தான்.

மண்வெட்டி நின்றது.

"சார், கால்ல ஒட்டிக்கிச்சி. வுட மாட்டேங்குது."

"சுடுதண்ணி ஊத்துங்க, வந்துடும்." அவன் திரும்பவில்லை.

"சார்..."

தட்டிலிருந்து தாளை உரிக்கும்போது எழுமே, அந்தச் சத்தம் வெளியே கேட்டது. நீளமாக. நிதானமாக. பிறகு மழை மட்டும்.

"சவரியம்மா?"

பச்சைப்பிள்ளை வாசனை கதவு வழியாக உள்ளே வந்தது. கனமாக.

கொல்லைக்கு ஓடினான். மண்வெட்டி சாய்ந்து கிடந்தது. கூடை காலி. தனித்தனியாக இருந்த தாள்கள் எல்லாம் ஒரே தாளாகிக் குழியின் மேல் விரிந்திருந்தன. மேலே மழைநீர் வழிந்தோடியது. அடியில் முகம். சவரியம்மாளின் முகம். வாய் திறந்திருந்தது.

மண்டியிட்டான். விளிம்பைப் பற்றினான். நகம் இறங்கவில்லை. இழுத்தான். இன்னும் இழுத்தான். வந்துவிட்டது. முழுசாக, சுலபமாக.

அடியில் ஈரமண்.

வேறொன்றுமில்லை. கையால் தோண்டினான். மண். மண் மட்டும்.

தாள் அவன் மடியில் கிடந்தது. எடையே இல்லை. அதில் அவள் நெற்றி. அவள் மூக்கு. மூக்குத்தித் துளை.

திறந்த கண்மேல் ஒரு மழைத்துளி விழுந்தது.

இமைத்தது.