சிவப்புக் கோட்டுக்குள்ளே

ஆய்வுகூட அறையின் குளிரூட்டி இருபத்திரண்டு பாகையில் ஓடியது. காந்தத்துக்குள் இருக்கும் புரோப்பும் இருபத்திரண்டில்தான் நிற்க வேண்டும். திரையில் முப்பத்தேழு.

டிலுசா கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். காந்தத்தின் வயிற்றுக்குள் இருந்து மூலக்கூறுகளின் சன்னமான ஒலியைக் கேட்கும் அந்தப் புரோப் குழாயை, வருடம் முழுக்க ஹீலியம் மைனஸ் இருநூற்றைம்பதில் உறைய வைத்திருக்கும். பராமரிப்புக்குக் கழற்றுவதென்றால் முதலில் அறையின் வெப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனுசரின் வெப்பத்துக்கு அல்ல.

"கழட்டும் பிள்ளை," என்றார் ஆய்வுகூடப் பொறுப்பாளர் தவராசா சேர், காந்தம் இரும்பை இழுக்கும் எல்லையாகத் தரையில் ஒட்டியிருந்த சிவப்புக் கோட்டுக்கு வெளியே நின்று. "நாளைக்குக் கொழும்பில இருந்து ஆக்கள் பாக்க வருகினம்."

"இன்சினியரைக் கூப்பிடச் சொன்னனான் சேர்."

"அவர் வர மூண்டு மாசம் செல்லும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசன் ஒருநாளும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் நீட்டிய படிவத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரியும். உடலில் இரும்புத் துண்டுகள் உண்டா? எந்த ஊரில் இருந்துகொண்டு எழுதிய கேள்வி அது? போர் முடிந்த முல்லைத்தீவுக் கரையில் உண்மையை எழுதினால் யாருக்கு வேலை கிடைக்கும்? பதின்மூன்று வயதில் செல் விழுந்து வெடித்தபோது தோளுக்குள் போன இரும்புத் துண்டை எடுக்க அன்றைக்கு டொக்டர் இருக்கவில்லை. 'இல்லை' என்று எழுதினாள். இரண்டு வருடமாகக் கோட்டின் ஓரத்திலேயே வேலையை ஒப்பேற்றினாள். இப்போது 'உண்டு' என்றால் வேலை போகும். அப்பாவால் இனிக் கடலுக்குப் போக முடியாது.

கோட்டைத் தாண்டிக் காந்தத்தின் கீழே மல்லாந்து படுத்தாள். கம்பிரசரை மதியமே நிறுத்தியாயிற்று, ஆனாலும் குழாய்களுக்குள் டுக், டுக் என்று மெதுவாக ஏதோ அடித்துக்கொண்டிருந்தது. தரை கழுவிய மருந்து மணத்தின் அடியில் துருவும் ஈரமும் மணத்தன. பித்தளைத் திருப்புளியை எடுத்தாள். முதல் ஆணி. தோள் கடித்தது. இரண்டாவது. உள்ளே எதுவோ புரண்டது. மூன்றாவது. நான்காவது.

புரோப் கைக்குள் இறங்கியது. இளஞ்சூடு. ஈரம்.

சிவப்பு.

பிளாஸ்ரிக் ரோர்ச்சை அடித்து மேலே பார்த்தாள். காந்தத்தின் வாயைச் சுற்றி வட்டமாக, துண்டு துண்டாக, செல் இரும்பு. ஒவ்வொன்றிலும் பச்சை இறைச்சி. எல்லாம் ஒன்றாகத் துடித்தன. டுக். டுக்.

"சேர், இதுக்குள்ள..."

அவர் திடுக்கிடவில்லை. "உமக்கு முன்னம் இருந்த பிள்ளையும் 'இல்லை' எண்டுதான் எழுதினவா."

"தெரிஞ்சுகொண்டோ என்னை விட்டனீங்கள்?"

"நானும் அப்பிடித்தான் எழுதினனான் பிள்ளை." இடுப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓரடி பின்னுக்குப் போனார்.

எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

வட்டத்தில் ஓரிடம் காலி. விரல் நுனியளவு. அவளுக்கு அந்த அளவு தெரியும். பதினாறு வருடமாகத் தடவிப் பார்த்த அளவு.

தோளில் சட்டை மெல்ல மேலே எழும்பியது. சட்டையோடு தோலும்.