ஒப்பமில்லா ஓசை

காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றாக ஒப்பம் வாங்கிக்கொள்ளும். முதலில் அழைப்புமணி, அப்புறம் வானொலி, கைப்பேசி, சமையலறைக் கடிகாரம். கடைசியாக, தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் சிறிய பிளேயரில் பச்சைப் புள்ளி எரியும். அதுவரை அலோசியஸ் பாதங்களைத் தரையில் ஊன்றியபடி கட்டில் விளிம்பில் காத்திருப்பார்.

பச்சை எரிந்ததும் மனைவி ஜெசிந்தா இயர்போனை அவர் காதில் பொருத்தி, பொத்தானை அழுத்துவாள். இரண்டு நொடி கழித்து இடது கால் எழும். பிறகு வலது. கழிப்பறை வரைக்கும், அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கும், வெயில் ஏறுவதற்குள் கடற்கரைச் சாலை வரைக்கும்கூட நடந்துவிடுவார்.

நடுக்குவாதம் வந்து ஆறு வருடம். கை நடுக்கத்தை மாத்திரை ஓரளவு பிடித்து நிறுத்தியது. கால்தான் திடீர் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொள்ளும். தாளம் கேட்டால் ஒட்டிய கால் விடும் என்று மருத்துவர் சொன்னார். என்னென்னவோ பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். எதற்கும் அசையாத கால், ஒரே ஒரு பதிவுக்கு அசைந்தது. தூத்துக்குடி பேண்டு செட்டில் இருபத்திரண்டு வருடம் டிரம் அடித்தவர் அலோசியஸ். ஒரு தேர்த் திருவிழாவில் அவரே அடித்த அடி அது.

அந்த மாதம் பிளேயர் தயாரித்த கம்பெனி மூடப்பட்டது. பச்சைப் புள்ளிக்குக் கீழே, ஒப்பம் இன்னும் எத்தனை நாள் கிடைக்கும் என்று ஓர் எண் வந்தது: 19. மறுநாள் 18.

பத்து வருடத்துக்கு முன்னால் போலிக் குரல்கள் ஊரையே ஆட்டிவைத்தபோது வந்தது ஒப்பச் சட்டம். ஒலி எழுப்பும் எந்தக் கருவியும் தினமும் தன்னைத் தயாரித்தவரிடம் ஒப்பம் வாங்க வேண்டும், வாங்காதது ஊமையாகிவிடும். ஜெசிந்தாவும் அதை நல்லதென்றுதான் நினைத்தாள். அவள் தம்பி தன் மகளின் குரல் என்று நம்பி, எவனோ கூப்பிட்ட இடத்துக்குப் போய் அடிபட்டு வந்தவன்.

பதிவைக் கைப்பேசிக்கு மாற்றிப் பார்த்தாள். பிளேயர் சான்று கேட்டதில்லை; கைப்பேசியோ சான்றில்லாத ஒலி என்று மறுத்துவிட்டது. சான்று அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனார்கள்.

"அடிச்சவர் இவர்தானா?" என்றார் அலுவலர்.

"ஆமா சார்."

"அப்ப ஒரு சிரமமும் இல்லை. இங்க ஒரு தடவை அடிச்சுக் காட்டட்டும். பதிவோட பொருந்திச்சுன்னா உடனே சான்று கொடுத்துடலாம்."

கையில் குச்சியைக் கொடுத்தார்கள். அலோசியஸ் அடித்தார். குச்சி மேசையில் தாறுமாறாகப் பட்டது. திரையில் 'பொருந்தவில்லை' என்று வந்தது. இன்னொரு தடவை கேட்டு வாங்கி அடித்தார். மூன்றாவது தடவை குச்சியை அவரே மெல்லக் கீழே வைத்துவிட்டார். அலுவலர் நல்ல மனிதர். வாசல் வரை கூடவே வந்து கதவைத் திறந்துவிட்டார்.

எண் 9 ஆனபோதுதான் ஜெசிந்தா ராபியாவிடம் சொன்னாள். இருவரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ஒரே ஷிப்டு. ராபியா கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர்; நிரல் எழுதத் தெரிந்தவள்.

"அக்கா, அந்தக் கம்பெனி போகும்போது மூலநிரலைப் பொதுவில வச்சுட்டுப் போயிருக்கு. பிளேயரோட பூட்டுச் சாவியும் சேர்த்து" என்றாள் ராபியா, தேடிப் பார்த்துவிட்டு. "பிளேயருக்குள்ள ஓடுற நிலைப்பொருளை நாமளே கட்டி ஏத்திரலாம். ஒப்பம் கேக்குற பகுதியை எடுத்துட்டுக் கட்டுவோம்."

"அது தப்பில்லையா?"

"மூலநிரலைப் படிக்கது தப்பில்ல. கட்டுறதும் தப்பில்ல. ஓட்டுனாத்தான் தப்பு."

ஜெசிந்தா விரல்விட்டு மீதி நாளை எண்ணினாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வா" என்றாள்.

ஞாயிறு காலை ராபியா தன் பழைய மடிக்கணினியோடு வந்தாள். பிளேயரின் சிப்புக்குப் புரிகிற மொழி வேறு என்பதால் நிரலை அந்த மொழிக்கு மாற்றித் தரும் தொகுப்பியை முதலில் கட்ட வேண்டியிருந்தது. அதற்கே மதியம் ஆகிவிட்டது. பிறகு மூலநிரலை இறக்கி, பட்டியலில் பிளேயரின் மாதிரி எண்ணைத் தேர்ந்து, கட்டளையைக் கொடுத்தாள். திரையில் வரிகள் ஓடின. பாதியில் சிவப்பாக நின்றது. ஏதோ ஒரு நிரல் நூலகம் இல்லையாம். அதைத் தேடிப் போட்டதும் வேறிடத்தில் நின்றது. ஜெசிந்தா மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். ராபியா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் தட்டினாள். அலோசியஸ் நாற்காலியிலிருந்து ஓடும் வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் மனுஷங்க எழுதினதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. சம்பளம் வாங்காம எழுதுனவங்களும் இருக்காங்க. இந்தா, இந்த வரியில ஒருத்தர் பேரு போட்டிருக்கார் பாருங்க."

நாலு மணிக்குச் சிவப்பு எதுவும் இல்லாமல் வரிகள் ஓடி முடிந்தன. ராபியா பிளேயரைக் கம்பியால் இணைத்துக் கோப்பை ஏற்றினாள். பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்தது. ஜெசிந்தா சேலைத் தலைப்பை இறுகப் பற்றிக்கொண்டாள். திரை மறுபடி ஒளிர்ந்தபோது பச்சைப் புள்ளி இல்லை, எண் இல்லை. பதிவின் பெயர் மட்டும் இருந்தது: தேர்த் திருவிழா.

"போடுக்கா" என்றாள் ராபியா.

ஜெசிந்தா இயர்போனை அவர் காதில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். திரையில் பதிவு ஓடுவதைக் காட்டும் கோடு நகர்ந்தது. ஒரு நொடி, இரண்டு, பத்து. அலோசியஸ் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கூட்டு, ஜெசி."

கூட்டினாள். முழுதும் கூட்டினாள். கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

ராபியா மடிக்கணினிக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரம் எதையெதையோ திறந்து படித்தாள். கடைசியில் நிமிர்ந்தபோது அவள் முகம் வாடியிருந்தது.

"ஒலிச் சிப்பு வேற கம்பெனியோடதுக்கா. அதுக்குள்ள தனியா ஒரு சின்ன நிரல் இருக்கு. அதுவும் ஒப்பம் கேக்குது. அதோட மூலநிரலை யாரும் வெளியில விடல."

"பழசையே திரும்ப ஏத்திரு. இன்னும் மூணு நாள் இருக்கே."

ராபியா தலை குனிந்தாள். "முயற்சி பண்ணிட்டேன். சாதனத்துல யாரோ கை வச்சுட்டாங்கன்னு சொல்லி ஒப்பம் தர மாட்டேங்குது. மன்னிச்சிருங்க. அந்த மூணு நாளையும் நான்தான் கெடுத்துட்டேன்."

"நீ என்னத்தைக் கெடுத்த" என்றார் அலோசியஸ். "இவ்வளவு தூரம் வந்ததே பெருசு." பிறகு மனைவியைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "பாத்ரூம் போகணும்" என்றார்.

இரண்டு பெண்களும் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். கால் நகரவில்லை. இழுத்தால் விழுவார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கோத்தது. வேறு வழி தெரியாமல் ஜெசிந்தா அவருக்கு முன்னால் போய் நின்று, கதவுப் பலகையில் கையால் தட்டினாள். இத்தனை வருடம் இயர்போனிலிருந்து கசிந்து அவள் காதில் விழுந்த அடி. இடது கால் எழுந்தது. அவள் சுவரில் தட்டியபடி பின்னால் நகர, அவர் நடந்தார்.

ராபியா அழுதாள். அன்றைக்கு மூவருக்குமே அது வெற்றி மாதிரித்தான் இருந்தது.

அவள் தட்டுவதைப் பதிந்து, சான்று வாங்கிக் கைப்பேசியில் போட்டும் பார்த்தார்கள்; அவள் நேரில் தட்டினால்தான் கால் அசைந்தது. ஜெசிந்தா ஆலைக்கு விடுப்பு எழுதினாள். அது முடிந்ததும் வேலையை விட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை அடி என்று முன்பு அவளுக்குத் தெரியாது. இப்போது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் களைத்தால் அவர் நடை தளர்ந்தது. அவளுக்கு இருமல் வந்தால் நடுக்கூடத்தில் ஒரு காலைத் தூக்கியபடி தள்ளாடினார். குளிக்கும்போதும் குளியலறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அவரைக் கட்டிலுக்குக் கூட்டிப்போகும்போது அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் அணைத்தாள். மேடையைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள். தண்ணீர் குடித்தாள். சன்னலுக்கு வெளியே மழை பிடித்திருந்தது. வெகு நாளுக்குப் பிறகு கை சும்மா இருந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

நினைவு வந்து கூடத்துக்கு ஓடியபோது, விட்ட இடத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். தொடை நடுங்கியது. வேட்டி நனைந்திருந்தது.

"ஏங்க, ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?"

"நீ மழை பாத்துக்கிட்டு நின்ன" என்றார் அலோசியஸ். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னு விட்டேன்."

அவள் சுவரில் கை வைத்தாள். தாளம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை.