விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

ஜன்னலைத் திறந்த பல் டாக்டர் அலறியே விட்டாள். முதல் மாடி உயரத்தில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் தொங்கினான்!

“கத்தாதீங்க... நான் விழுந்தா பாவம் உங்களுக்குத்தான்.”

“என் கிளினிக்குக்கு வர்ற வெளிச்சத்தை அடைக்கிறீங்களே, அது பாவமில்லையா?”

அவன் விளம்பர பேனர் மாட்டுகிறவன். சிரித்தபடி கத்தரியை எடுத்தான். “காத்து போக எப்படியும் ஓட்டை வெட்டணும். உங்க ஜன்னலுக்கு நேராவே வெட்டிடறேன்... போதுமா?”

சாயங்காலம் தெருவில் இறங்கி நிமிர்ந்து பார்த்தாள். உடல் இளைக்க வைக்கும் நிலையத்தின் விளம்பரம். கொடி போல ஒருத்தி. ‘மெலிந்தால்தான் அழகு!’ சரியாக அந்தப் படத்துப் பெண்ணின் இடுப்பில்தான் அந்த ஓட்டை. டாக்டரின் கை தானாகத் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தது. மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

அவனோ கயிறு தளர்ந்துவிட்டதா என்று பார்க்கும் சாக்கில் அடிக்கடி வந்தான். மழைக்கு முந்தைய வானம் மாதிரி கண்கள்... அவை ஜன்னலையே சுற்றின.

‘படத்தையும் என்னையும் ஒப்பிட்டுப் பார்க்கிறான்... சிரிப்பு வேற!’

படாரென்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஒரு மழைநாளில் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான். வீங்கிய கன்னம். “இது சாக்கு இல்ல டாக்டர்... நிஜமாவே வலி.”

பல்லைப் பார்த்துவிட்டு மரப்பு ஊசி போட்டாள். உதடு மரத்துப்போகக் காத்திருந்தபோது, வரவேற்பில் உட்காரும் அவளுடைய அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இன்னிக்கும் சாப்பிடலையாடி? மயங்கி இவர் மேலேயே விழப்போற!”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஏன் சாப்பிடல?”

“அந்தப் படத்தை மாட்டினவரே கேக்கறீங்களா? தினமும் அவளையும் என்னையும் அளந்து பாக்கறீங்களே, தெரியாதா எனக்கு!” குரல் உடைந்தது.

அக்கா சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

“அவளையா?” மரத்த உதட்டில் வார்த்தைகள் வழுக்கின. “கிட்டப் போய்ப் பாருங்க டாக்டர்... அவ வெறும் புள்ளிங்க. கலர் புள்ளிங்க. கண்ணும் இருக்காது, மூக்கும் இருக்காது. வருஷக்கணக்கா புள்ளிங்களைத்தான் மாட்டிட்டிருக்கேன். அன்னிக்கு நீங்க ஜன்னலைத் திறந்து கத்தினீங்களே... அப்பதான் ஒரு முகத்தைப் பாத்தேன். திரும்பத் திரும்பப் பாக்கணும்னு தோணிச்சு. எனக்கு உங்கழைத்தான்... ழொம்பப் பிடிக்குது.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

“என்ன பிடிக்குது? ஒண்ணும் புரியல...”

“உங்கழை...”

“பேசாதீங்க, உதட்டைக் கடிச்சுக்குவீங்க.” அவன் தோளை மெல்ல அழுத்திச் சாய்த்தாள். கை அங்கேயே தங்கிவிட்டது. “மரப்பு போனதும் இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்க. எனக்கும் அதையே சொல்லணும்... அதுக்குள்ள நான் சாப்பிட்டு வந்துடறேன்.”