நாலாவது கட்டம் காலி

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க லா!"

விசாலி அதட்டியதுதான் தாமதம்... பெஞ்சில் பக்கத்திலிருந்த இளைஞனின் மடி மேலிருந்த டேப்லெட் அதையே திருப்பிச் சொன்னது. 'டும் டும்... கொஞ்சம் தள்ளி உட்காருங்க லா... டும் டும்...'

தெப்ராவ் பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அலமாக்! சாரிங்க... மழைச் சத்தத்தப் பதிவு பண்ணிக்கிட்டு இருந்தேன். நடுவுல உங்க குரல் விழுந்துடுச்சு."

அவன் பெயர் ஜீவன். பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. டேப்லெட் திரையில் நாலு கட்டங்கள். ஒரு கட்டத்தில் விரலை வைத்தால் சத்தம் பதிவாகும், எடுத்தால் தாளத்தோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அவ்வளவுதான் வேலை.

"இதுக்குப் பேரு மியூசிக்கா? நான் சின்ன வயசுலேர்ந்து வயலின் கத்துக்கிறேன், தெரியுமா?"

"நாள் முழுக்க மெஷின்கிட்ட நின்னுட்டு வர்றேங்க... இந்த ஒரு விரல்லதான் தெம்பு பாக்கி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்வாளா?

"மொதல்ல என் குரல அழிங்க!"

மறுபேச்சில்லாமல் நாலாவது கட்டத்தை அழித்தான். நிமிர்ந்து பார்த்தான்... சாரலில் நனைந்த அவன் கண்களில் துளிகூடக் கோபமில்லை. அதுதான் அன்றிரவு விசாலியைத் தூங்கவிடவில்லை.

அதன் பிறகு மாலைதோறும் அதே பெஞ்சு. அவன் அந்த இசையையே ஒலிக்க விடுவான். மழை... தாளம்... மணி... அப்புறம் மௌனம். நாலாவது கட்டம் மட்டும் ஊமையாகவே கிடந்தது. அவனாக ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவான்? இவளாகப் பேசலாம்தான்... ரோஷம் விட்டால்தானே!

ஒருநாள் அவன் போனில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருச்சு. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வரமாட்டேன்."

அவன் போனை வைத்ததும் விசாலி கேட்டேவிட்டாள்.

"நாலாவது கட்டம் ஏன் இன்னும் காலியா இருக்கு?"

"வேற எந்தச் சத்தமும் அங்க ஒட்டலைங்க. உங்ககிட்ட கேக்கலாம்னா... திட்டுவீங்களோன்னு பயம்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. டேப்லெட்டை வெடுக்கென்று பிடுங்கி, நாலாவது கட்டத்தில் விரலை வைத்தாள்.

"கிட்ட வந்து உட்காருங்க லா... எனக்கு உங்கள புடிச்சிருக்கு."

விரலை எடுத்தாள். மழை... தாளம்... மணி... 'கிட்ட வந்து உட்காருங்க லா... எனக்கு உங்கள புடிச்சிருக்கு...' நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. ஜீவன் பதறிப்போய் இசையை நிறுத்தப் போனான். விசாலி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும் விடுங்க... இன்னொரு வாட்டி என்னால சொல்ல முடியாது."